0.98 வந்தால் போதுமா? உணவு தானிய வளர்ச்சி வளைவுகள் பற்றி ஒரு குறிப்பு

போன மாதம் திருவொற்றியூரிலிருந்து ஒரு பொண்ணு போன் பண்ணினாள். எங்கள் தெருவில் வளர்ந்தவள், இப்போது புள்ளியியலில் முதுகலை கடைசி வருடம். ஆய்வேட்டின் மூன்றாவது அத்தியாயத்தை அனுப்பியிருந்தாள். இந்தியாவின் உணவு தானிய உற்பத்தியை 1950-51 முதல் எடுத்து, அதற்கு நாலு வளர்ச்சி மாதிரிகளைப் பொருத்திப் பார்த்திருக்கிறாள்: நேர்கோடு, அடுக்குக்குறி வளைவு, லாஜிஸ்டிக், கோம்பெர்ட்ஸ். எது நன்றாகப் பொருந்துகிறது என்று ஒரு அட்டவணை. கடைசியில் 2040-க்கு ஒரு கணிப்பு.

"அண்ணா, லாஜிஸ்டிக்குக்கு ஆர்-ஸ்கொயர் 0.98 வந்திருக்கு. போதும்ல?"

வேறு வேலையில் இருந்தேன். "சூப்பர், போதும்" என்று சொல்லி வைத்துவிட்டேன். ராத்திரி அந்த அத்தியாயத்தைத் திறந்து படித்தபோதுதான் சங்கடமாகிவிட்டது. அவள் கணக்கில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் இந்த வகைக் கட்டுரைகள் எல்லாவற்றிலும் இருக்கிற குறை அதிலும் இருந்தது. இந்திய வேளாண் பொருளியல் இதழ்களில் இந்த அச்சில் வார்த்த கட்டுரைகள் ஏராளம். பயிரை மாற்று, மாநிலத்தை மாற்று, காலத்தை மாற்று, புதுக் கட்டுரை தயார். அவளிடம் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் எளிமையானதிலிருந்து தொடங்குவோம். கூட்டு வளர்ச்சி விகிதம். வங்கி வட்டி மாதிரி, வருஷத்துக்கு இத்தனை சதவீதம் என்று ஒரே எண்ணில் சொல்லிவிடுவது. பசுமைப் புரட்சிக் காலத்தில் உணவு தானிய உற்பத்தி எவ்வளவு வேகமாக வளர்ந்தது? அரசு வெளியிட்ட எண்கள் இவை:

1964-65: 8.94 கோடி டன்
1965-66: 7.24 கோடி டன்
1978-79: 13.19 கோடி டன்
1979-80: 10.97 கோடி டன்

இப்போது கால்குலேட்டரை எடுங்க. 1964-65-லிருந்து 1978-79 வரை கணக்குப் போட்டால் வருடத்துக்கு 2.8 சதவீதம். தொடக்கத்தை ஒரே ஒரு வருஷம் தள்ளி 1965-66-லிருந்து போட்டால் 4.7. தொடக்கம் 1964-65-லேயே இருக்கட்டும், முடிவை ஒரு வருஷம் தள்ளி 1979-80 ஆக்கினால் 1.4. இரண்டையும் தள்ளினால் 3.0. அதே நாடு, அதே எண்கள்தான். 4.7 என்றால் பதினைந்து வருஷத்தில் உற்பத்தி இரட்டிப்பாகும். 1.4 என்றால் ஐம்பது வருஷம் ஆகும். பசுமைப் புரட்சி மகத்தான வெற்றி என்று எழுத வேண்டுமா, பெரிய ஏமாற்றம் என்று எழுத வேண்டுமா? எந்த வருஷத்தில் ஆரம்பிக்கிறோம் என்பதே பாதியைத் தீர்மானித்துவிடுகிறது. 1965-66-ம் 1979-80-ம் கடும் வறட்சி ஆண்டுகள், அவ்வளவுதான் ரகசியம்.

இது பழைய காலத்துப் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். 2001-02-ல் 21.29 கோடி டன், 2002-03 வறட்சியில் 17.48 கோடி டன், 2013-14-ல் 26.50 கோடி டன். முதலாவதிலிருந்து கணக்கிட்டால் ஆண்டுக்கு 1.8 சதவீதம், இரண்டாவதிலிருந்து கணக்கிட்டால் 3.9. இரட்டிப்புக்கும் மேல். தனக்குச் சாதகமான வருஷத்தை எடுத்துக்கொண்டு எந்தக் கட்சிக்காரரும் மேடையில் பேசலாம், யாரும் பொய் சொன்னதாகவும் ஆகாது.

இதை அறிஞர்கள் கவனிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். பி.எஸ். மின்ஹாஸும் ஏ. வைத்தியநாதனும் 1965-ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஒற்றை வருஷங்களை ஒப்பிடவில்லை. 1951-54 என்ற மூன்றாண்டுச் சராசரியையும் 1958-61 என்ற மூன்றாண்டுச் சராசரியையும்தான் ஒப்பிட்டது. வளர்ச்சியில் எவ்வளவு நிலப்பரப்பு கூடியதால் வந்தது, எவ்வளவு ஏக்கர் விளைச்சலால் வந்தது, எவ்வளவு பயிர் மாற்றத்தால் வந்தது என்று பிரித்தும் காட்டியது. வைத்தியநாதன் பிற்பாடு நம்ம அடையாறில் இருக்கிற சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில் பல காலம் இருந்தவர். அறுபது வருஷத்துக்கு முன்னால் கையால் கணக்குப் போட்டவர்கள் எடுத்த ஜாக்கிரதையை, இன்று கணினியில் ஒரு நொடியில் நாலு வளைவு போடுகிற நாம் எடுப்பதில்லை.

எல்லா வருஷத்தையும் சேர்த்து, மடக்கை எடுத்து, ஒரு நேர்கோடு பொருத்தினால் இந்தத் தொல்லை குறையும். ஆனால் வேறு தொல்லைகள் வரும். ஜேம்ஸ் பாய்ஸ் 1986-ல் ஒன்றைச் சுட்டிக்காட்டினார். காலத்தைப் பசுமைப் புரட்சிக்கு முன், பின் என்று வெட்டி இரண்டு தனித்தனிக் கோடுகள் போட்டால், வெட்டிய இடத்தில் இரண்டும் சேராமல் ஒரு குதி விழும். அந்தக் குதியில் இருக்கிற ஏற்றமோ இறக்கமோ எந்தப் பக்கத்துக் கணக்கிலும் வராது. அதனால் முழுக் காலத்தின் வளர்ச்சி ஒன்று சொல்ல, இரண்டு பாதிகளும் சேர்ந்து வேறொன்று சொல்லும் விசித்திரமெல்லாம் நடக்கும். கோடுகள் அந்த இடத்தில் முட்டிச் சேரும்படி, முழங்கை மடங்கின மாதிரி பொருத்துவது அவர் சொன்ன மருந்து. 2005-ல் பிரஜ்ஞேஷுவும் சந்திரனும் வேறொரு இடத்தில் கை வைத்தார்கள். மடக்கை எடுக்கும்போதே பிழை எப்படிப்பட்டது என்று ஒரு அனுமானத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறோம், மடக்கையில் வருகிற ஆர்-ஸ்கொயர் அசல் எண்களுக்கான ஆர்-ஸ்கொயர் அல்ல, ஆகவே லாஜிஸ்டிக், கோம்பெர்ட்ஸ் போன்ற வளைவுகளை நேரடியாகப் பொருத்துங்கள் என்றார்கள். நியாயமான விமர்சனம். ஆனால் அதைப் பின்பற்றி வந்த கட்டுரைகள் பலவற்றில் வளைவுப் பட்டியல் மட்டும் நீண்டுகொண்டே போனது. அந்த வளைவுக்கு இங்கே என்ன அர்த்தம் என்ற கேள்வி காணாமல் போய்விட்டது.

லாஜிஸ்டிக் வளைவையே எடுத்துக்கொள்வோம். மெதுவாகத் தொடங்கி, வேகமெடுத்து, பிறகு ஒரு உச்சவரம்பை நெருங்கித் தட்டையாகும் வளைவு. பெல்ஜியத்துக்காரர் வெர்ஹுல்ஸ்ட் 1838-ல் மக்கள்தொகைக்காகச் சொன்னது. 1920-ல் ரேமண்ட் பேர்லும் லோவெல் ரீடும் அதை அமெரிக்க மக்கள்தொகைக்குப் பொருத்தி, உச்சவரம்பு சுமார் 19.7 கோடி என்றார்கள். பழைய கணக்கெடுப்புகளோடு வளைவு அச்சு அசலாகப் பொருந்தியது. 1970 கணக்கெடுப்பில் அமெரிக்க மக்கள்தொகை 20.3 கோடி. அப்புறமும் ஏறிக்கொண்டே இருக்கிறது.

பேர்லும் ரீடும் தொடக்கத்தில் பயன்படுத்திய மூன்று புள்ளி முறையை நாமே நம் உணவு தானியத்துக்குப் போட்டுப் பார்க்கலாம். சம இடைவெளியில் மூன்று வருஷம், அந்த எண்கள் அ, ஆ, இ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உச்சவரம்பு = (2×அ×ஆ×இ − ஆ²×(அ+இ)) ÷ (அ×இ − ஆ²)

1950-51-ல் 5.08, 1970-71-ல் 10.84, 1990-91-ல் 17.64 (எல்லாம் கோடி டன்). போட்டால் உச்சவரம்பு சுமார் 26 கோடி டன். அதாவது இந்தியா எந்தக் காலத்திலும் 26 கோடி டன்னைத் தாண்டாது. 2013-14-லேயே தாண்டியாயிற்று. 2023-24-ல் 33.23 கோடி டன்.

சரி, புதிய எண்களைப் போடுவோம். 1950-51-ல் 5.08, 1980-81-ல் 12.96, 2010-11-ல் 24.45. இப்போது உச்சவரம்பு சுமார் 40 கோடி. கூரை தானாகவே உயர்ந்துவிட்டது!

இன்னொரு தடவை. 1980-81-ல் 12.96, 2000-01-ல் 19.68, 2020-21-ல் 31.07. விடை, கிட்டத்தட்ட மைனஸ் 78 கோடி டன். ஆமாம், மைனஸ். ஏனென்றால் இரண்டாவது இருபது வருஷத்தில் வளர்ச்சி மடங்கு முதல் இருபதைவிடக் கூடுதல். வேகம் தணியாத ஒன்றுக்குப் போய் "எங்கே நிற்பாய்?" என்று கேட்டால் சூத்திரம் வேறு என்ன சொல்லும்?

மூன்று புள்ளி முறை முரட்டு முறைதான், ஒப்புக்கொள்கிறேன். எல்லா வருஷத்தையும் சேர்த்துப் பொருத்தினால் எண்கள் மாறும். ஆனால் அடிப்படைச் சிக்கல் மாறாது. வளைவு தட்டையாக ஆரம்பிக்காதவரை தரவில் உச்சவரம்பைப் பற்றிய செய்தியே அதிகம் இல்லை. பக்கத்துப் பக்கத்தில் பல உச்சவரம்புகள் கிட்டத்தட்ட ஒரே அளவு நன்றாகப் பொருந்தும், எல்லாவற்றுக்கும் ஆர்-ஸ்கொயர் 0.98-ஐ ஒட்டியே வரும். அதில் ஒன்றை மட்டும் எடுத்து 2040-க்கு நீட்டுவதைக் கணிப்பு என்று எப்படிச் சொல்வது?

காசிமேட்டில் இதே லாஜிஸ்டிக்குக்கு அர்த்தம் உண்டு. மீன்வளத்தில் 1954-ல் ஷேஃபர் கொண்டுவந்த மாதிரி இதே வளைவின் மேல் கட்டியதுதான். கடலில் ஒரு மீன் கூட்டம் இனப்பெருக்கம் செய்து பெருகும். இரையும் இடமும் குறையும்போது பெருக்கம் தணியும். ஆக உச்சவரம்புக்குப் பின்னால் ஒரு உயிரியல் காரணம் இருக்கிறது. முழு அளவில் பாதி இருக்கும்போது கூட்டம் வேகமாகப் பெருகும், அந்த அளவில் வைத்துப் பிடித்தால் நீண்ட நாள் பிடிக்கலாம் என்ற முடிவும் அதிலிருந்தே வருகிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் கட்டிக் கிடப்பதும், மீனுக்குப் பெருக நேரம் கொடுக்கணும் என்கிற இதே யோசனையில்தான். அந்த மாதிரியிலும் குறைகள் உண்டு, பிடிப்பவர்களைக் கேட்டால் பக்கம் பக்கமாகச் சொல்வார்கள். ஆனாலும் வளைவில் இருக்கிற ஒவ்வொரு எழுத்துக்கும் கடலில் ஒரு பொருள் இருக்கிறது.

உணவு தானிய உற்பத்தி அப்படி ஒரு உயிர் அல்ல. நெல், கோதுமை, சோளம், கம்பு, பருப்பு எல்லாவற்றையும் எடை போட்டுக் கூட்டிய ஒரு தொகை. 1950-51-ல் உணவு தானியம் விளைந்த பரப்பு 9.73 கோடி ஹெக்டேர், 1970-71-ல் 12.43 கோடி, 2000-01-ல் 12.11 கோடி. அதாவது பரப்பு ஐம்பது வருஷத்துக்கு முன்பே தட்டையாகிவிட்டது. ஹெக்டேருக்கு விளைச்சலோ 522 கிலோ, 872 கிலோ, 1626 கிலோ என்று ஏறிக்கொண்டிருக்கிறது. ஒன்று நின்றுவிட்டது, இன்னொன்று நடக்கிறது. இரண்டையும் பெருக்கி ஒரே வளைவு போட்டால் எது நின்றது, எது நடக்கிறது என்பதே தெரியாமல் போய்விடும். மின்ஹாஸ்-வைத்தியநாதன் பிரித்துப் பார்த்ததை நாம் திரும்பவும் ஒட்டி வைக்கிறோம்.

அப்புறம் அந்த 0.98. காலத்தோடு ஏறிக்கொண்டே போகிற எதை எடுத்துக் காலத்தின் மேல் பொருத்தினாலும் ஆர்-ஸ்கொயர் உயரமாகத்தான் வரும். சென்னையில் ஓடுகிற ஸ்கூட்டர்களின் எண்ணிக்கையையும் உணவு தானியத்தையும் பொருத்தினாலும் பிரமாதமாக வரும். உட்னி யூல் 1926-லேயே இதை எச்சரித்து எழுதிவிட்டார். ஆர்-ஸ்கொயர் ஒப்பிடுவது 'ஒவ்வொரு வருஷமும் சராசரி அளவே விளைந்தது' என்ற முட்டாள்தனமான கணிப்போடு. அதை ஜெயிப்பதில் என்ன பெருமை? கடைசிப் பத்து வருஷத்தை மறைத்து வைத்துவிட்டு, அதை வளைவு சரியாகச் சொல்கிறதா என்று பார்க்கணும். 'போன வருஷம் விளைந்ததே இந்த வருஷமும் விளையும்' என்ற சோம்பேறிக் கணிப்பையாவது அது ஜெயிக்கிறதா என்று பார்க்கணும். அதுதான் பரீட்சை.

இந்தக் குறிப்பை எழுத வைத்த விஷயம் இனிமேல்தான் வருகிறது. அவள் வரைபடத்தில் 1965-66-க்கு நேராகக் கோட்டுக்குக் கீழே ஒரு சின்னப் புள்ளி இருந்தது. புள்ளியியலில் அதற்குப் பெயர் எச்சம். வளைவு விளக்காமல் விட்டது, பிழை. 5-லிருந்து 31 கோடி வரை போகிற படத்தில் அது கண்ணுக்கே தெரியாது. ஆனால் முந்தின வருஷத்தைவிட 19 சதவீதம் குறைவு. அந்த ஒரு புள்ளிக்காக 1966-ல் நாடு ஒரு கோடி டன்னுக்கு மேல் தானியம் இறக்குமதி செய்தது. பி.எல். 480 திட்டத்தில் அமெரிக்கக் கோதுமை வந்தது. சென்னைத் துறைமுகத்திலும் இறங்கியது. என் தாத்தா ராயபுரத்திலிருந்து நடந்தே போய் அங்கே மூட்டை தூக்கியவர். "அந்த வருஷம் வேலைக்குக் கொறச்சல் இல்ல, சோத்துக்குத்தான் கொறச்சல்" என்று ஆயா சொல்வாள். பகலெல்லாம் கோதுமை மூட்டை தூக்கிவிட்டு வந்த மனுஷனுக்கு ராத்திரி அரிசிச் சோறு கிடையாது, ரேஷனில் வந்த மைலோ சோளக் கஞ்சி. இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரியில் தொடங்கியபோது அதன் தலைமையகம் சென்னையில்தான் இருந்தது, முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில். 1967 தேர்தலில் படி அரிசி ஒரு ரூபாய் என்ற வாக்குறுதி எப்படி எடுபட்டது என்பது எல்லோருக்கும் தெரியும். இந்தி எதிர்ப்போடு சேர்ந்து இந்த அரிசிப் பஞ்சமும் காங்கிரஸை வீட்டுக்கு அனுப்பியது. அதற்கப்புறம் அந்தக் கட்சி இங்கே ஆட்சிக்கு வரவே இல்லை. வளைவுக்கு அது வெறும் பிழை. எங்க வீட்டுக்கும் இந்த மாநிலத்துக்கும் அதுதான் வரலாறு.

இன்னொரு உதாரணம் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1960களின் இறுதியில், ஐ.நா. உதவியோடு நடந்த நிலத்தடி நீர் ஆய்வுக்குப் பிறகு மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளில் ஆழ்துளைக் கிணறுகள் போட்டுத் தண்ணீர் எடுத்தார்கள். மீஞ்சூர்த் தண்ணீர் மணலித் தொழிற்சாலைகளுக்குப் போனது. அங்கே ஒரு பொதுத்துறை உர ஆலையும் உண்டு, 1971-லிருந்து உற்பத்தி. எடுத்த வேகத்துக்கு மழை ஈடு கொடுக்கவில்லை. கடல்நீர் நிலத்துக்கடியில் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. மீஞ்சூர்ப் பக்கம் நெல் வைத்திருந்தவர்கள் கிணற்றுத் தண்ணீரை வாயில் ஊற்றித் துப்பிப் பார்க்க வேண்டிய நிலை. இங்கே மூட்டை கட்டின யூரியா வேறெங்கோ விளைச்சலைக் கூட்டி தேசிய வளைவை மேலே தள்ளியது. அதற்கான தண்ணீரைக் கொடுத்த வயல் உப்பானது அதே வளைவில் எங்கும் தெரியாது, கூட்டுத்தொகையில் கரைந்துவிட்டது. உண்மையான உச்சவரம்பு என்று ஒன்று இருந்தால் அது இங்கேதான் இருக்கிறது, மண்ணுக்கடியில், ஊருக்கு ஊர் வேறாக. தேசிய எண்ணுக்கு ஒரு லாஜிஸ்டிக் போட்டு அதைப் பிடிக்க முடியாது.

எண் எங்கிருந்து வருகிறது என்பதையும் அந்த அத்தியாயம் கேட்கவில்லை. ஒரு கிராமத்தில் எந்த சர்வே நம்பரில் என்ன பயிர் என்று அடங்கலில் எழுதுவது கிராம நிர்வாக அலுவலர். விளைச்சலை அளப்பது அறுவடைப் பரிசோதனை. தேர்ந்தெடுத்த நெல் வயலில் ஐந்துக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, அறுத்து, அடித்து, எடை போடுவார்கள். 1920களில் ஹபாக் பீகார்-ஒரிசாவில் ஆரம்பித்து வைத்து, மஹலனோபிஸும் சுகாத்மேயும் சண்டை போட்டுக்கொண்டே வளர்த்த முறை அது. தமிழ்நாட்டில் 1980-ல் பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகள் ஒழிந்து கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். அடங்கல் எழுதுகிற கையே மாறிவிட்டது. அந்த வருஷத்தை ஒட்டி மாநில வரிசையில் ஒரு மடிப்பு தெரிந்தால், அது வயலில் நடந்ததா, பேனாவில் நடந்ததா என்று முதலில் கேட்கணும்.

இதெல்லாம் ஏட்டுக் கவலை இல்லை. 2022 பிப்ரவரியில் கோதுமை 11.13 கோடி டன் வரும் என்று அரசு மதிப்பிட்டது. அப்போது பயிர் வயலில் நிற்கிறது. அறுத்துப் பார்த்த எடை கையில் இல்லை, முந்தைய ஆண்டுகளின் விளைச்சலை ஒட்டித்தான் சொல்ல முடியும். மார்ச்சில் வெயில் கொளுத்தியது, மணி சுருங்கியது. மே 13-ஆம் தேதி ஏற்றுமதிக்குத் தடை. அந்த மாதமே மதிப்பீடு 10.64 கோடியாக இறங்கியது, இறுதி எண் 10.77 கோடி. ஆனால் அரசுக் கொள்முதல் முந்தைய வருஷத்து 4.33 கோடி டன்னிலிருந்து 1.88 கோடியாக விழுந்தது. தனியார் அதிக விலை கொடுத்து வாங்கியதும் அதற்குக் காரணம் என்றாலும், போக்கை நம்பி ஏற்றுமதிக் கனவு கண்ட நாடு மூன்று மாதத்தில் கதவை மூட வேண்டியதாயிற்று.

அப்போ வளர்ச்சி மாதிரிகளே வேண்டாமா? அப்படிச் சொல்லவில்லை. நீண்ட காலத்தைச் சுருக்கிச் சொல்ல ஒரு எண் தேவைதான். 1950-51-லிருந்து 2020-21 வரை ஆண்டுக்குச் சராசரி 2.6 சதவீதம் என்பது உண்மையில் பெரிய சாதனை, மக்கள்தொகையைவிட வேகம். இரண்டு மாநிலங்களை, இரண்டு காலங்களை ஒப்பிடவும் மாதிரி உதவும். எந்த வருஷம் விலகியது என்று காட்டவும் முதலில் ஒரு கோடு வேணும். எனக்குச் சண்டை கோட்டோடு இல்லை. கோட்டைப் போட்டுவிட்டு, விலகிய புள்ளிகளைப் பிழை என்று ஒதுக்கிவிட்டு, வேலை முடிந்தது என்று எழுந்து போவதோடுதான்.

மறுநாள் அவளுக்குப் போன் போட்டு, நேற்று சொன்னது தப்பு என்று சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. வைவாவுக்கு மூன்று வாரம்தான் இருந்தது, பாவம். பிறகு, "அப்போ எதை எடுக்கட்டும்ணா?" என்றாள். மூன்று விஷயம் சொன்னேன். பரப்பையும் விளைச்சலையும் தனியாகப் பொருத்து. கடைசிப் பத்து வருஷத்தை மறைத்து வைத்துச் சோதனை பண்ணு. கோட்டுக்குக் கீழே அதிகம் விழுந்த ஐந்து வருஷத்தை எடுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி எழுது. 2040 கணிப்பை எடுத்துவிடு என்று நான் சொல்லவில்லை. அவளே எடுத்துவிட்டாள்.

இப்போது அவள் அத்தியாயத்தில் 1965-66-க்கு ஒரு பத்தி இருக்கிறது. அதில் துறைமுகத்தையும் சேர்த்திருக்கிறாள். மேலே இருக்கிற கணக்குகளை நீங்களும் ஒரு தடவை போட்டுப் பாருங்க, தப்பு இருந்தால் எழுதுங்க, திருத்திவிடுகிறேன்.